திருத்தாமல் விட்ட ளகரம்

ஒருவனுக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். அவன் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்கிறான் என்பது ஆரம்பத்திலேயே என் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டதோடு நிற்காமல், அந்தச் சொல் அவன் வாயில் திரும்பத் திரும்ப வரும்படி உரையையே மாற்றி எழுதினேன். ஊர் கூடியிருந்த மண்டபத்தில் அவன் அதைச் சொன்னான். ஊர் சிரித்தது. நானும் சிரித்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது இதுதான். காரணங்கள் பிறகு வரும். அவை எதுவும் இதைக் குறைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அப்போது மலாக்கா வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. நான் படித்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். படித்து முடித்தவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தோட்டங்களிலும் உத்தியோகம் பார்க்கப் போய்விடுவார்கள். அவர்களை ஆண்டுக்கொரு முறை ஊருக்கு வரவழைத்து ஒரு வாரம் கொண்டாடுவது சங்கத்தின் பெரிய வேலை. ரயிலிலும் கப்பலிலும் வந்து இறங்குவார்கள். பாடாங் மைதானத்தில் பழைய மாணவருக்கும் இப்போதைய மாணவருக்கும் கிரிக்கெட் நடக்கும். ஒரு நாள் குடும்பத்தோடு கிளேபாங் கடற்கரைக்குப் போவோம். இசை, விருந்து எல்லாம் உண்டு. கடைசி நாள் வரவேற்புரைகளும் பொதுக்கூட்டமும். எல்லாம் முடிந்து விருந்தாளிகள் போன பிறகு கமிட்டி ஒருமுறை கூடி, எது சரியாக நடந்தது, எது கெட்டது என்று எடை போட்டுப் பார்த்து, அடுத்த ஆண்டுக்கான விதிகளை எழுதி வைக்கும்.

கமிட்டியில் இனத்துக்கு இவ்வளவு என்று இடங்கள் இருந்தன. சீனருக்கு இரண்டு, மலாய்க்காரருக்கு ஒன்று, யுரேஷியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. அந்த ஒற்றை இந்திய இடத்தில் இருப்பவருக்கு ஒரு அதிகாரம் உண்டு. பள்ளிக்கூடத்தில் சம்பளம் கட்டாமல் படிக்கும் இடங்களுக்கு இந்தியப் பிள்ளைகளின் பெயரைப் பரிந்துரைப்பது அவர்தான். பல காலமாக அதில் இருந்த துணிக்கடைக்காரர் உடல் நலமில்லாமல் விலகினார். நான் அந்த இடத்துக்கு ஆசைப்பட்டேன். என் தகப்பனார் நில அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. நானும் கஜானாவில் கிராணி. வேலையில் நான் இதைவிடப் பெரிய மேசைக்குப் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்த வயது அது. இந்த ஒரு நாற்காலியாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

என் நண்பனும் அதற்கு ஆசைப்பட்டான்.

அவன் செட்டி. மலாக்காவில் செட்டி என்றால் வட்டிக்குக் கொடுப்பவர் அல்லர். எத்தனையோ தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இந்த மண்ணோடு சேர்ந்துவிட்டவர்கள். சாமி நம் சாமி, நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். காஜா பேராங்கில் அவர்களுடைய குடியிருப்பான கம்போங்கை ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஒன்றாகப் படித்தோம், ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனோம். பெரியவனான பிறகு அவன் சர்வே ஆபீசில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தான். ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுவான். கிரிக்கெட்டில் அவன் பந்து போட வந்தால் வெள்ளைக்காரத் துரைகள்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார்கள். எங்கள் இருவருக்கும் இடையே மலாய்தான். நீ, நான் என்பதற்கு 'லு', 'குவா' என்று சின்ன வயதிலிருந்து பேசிய பேச்சு. அவன் சொன்னவற்றை இங்கே தமிழாக்கித்தான் தருகிறேன்.

அந்த ஆண்டு வாரம் கொஞ்சம் பெரியது. ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போயிருந்த எங்கள் பழைய தலைமையாசிரியர் திரும்பி வருகிறார் என்று கடைசி நாளில் நான்கு மொழிகளில் அவரை வரவேற்பதாக முடிவு. ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் மலாய்க்கும் ஆள் அமைந்தது. "தமிழ்?" என்று தலைவர் கேட்டார். அவர் தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றிய பாபா சீனர், வக்கீல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் நண்பன் கையைத் தூக்கி, "நான் பேசுகிறேன்" என்றான்.

என் பக்கத்தில் அரசாங்க ஆஸ்பத்திரி டிரெஸர் உட்கார்ந்திருந்தார். காயத்துக்குக் கட்டுப்போடுவதிலிருந்து சில்லறை வைத்தியம்வரை பார்ப்பவர், ஊர்த் தமிழரிடையே செல்வாக்குள்ளவர். என் காதருகே குனிந்தார்.

"உன் கூட்டாளிக்குத் தமிழ்ல ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியுமா தம்பி?"

"தெரியாதண்ணே."

"அப்புறம் எதுக்குக் கை தூக்குறான்?"

"ஆசைப்படுறான் போல."

"படட்டும் படட்டும். நாமளும் உக்காந்து கேப்போம். நாடகத்துக்கு வேற தனியாச் செலவு பண்ண வேண்டாம்."

கூட்டம் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இருவரும் காஜா பேராங்குக்கு நடந்தோம். ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"உங்க ஆளுங்க என்னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றான். "நெத்தியில திருநீறு, வாயில மலாய், இவன் கும்பிட்டா சாமிக்கே துபாஷி வேணும்னு. சரி, சொல்லட்டும். ஒரு தடவை தமிழ்ல பேசிக் காட்டிட்டா இவனும் நம்மாளுன்னு ஓட்டுப் போடுவாங்கல்ல?"

"ஓட்டா?"

"அந்த இந்திய இடம் எனக்கு வேணும்லா. இத்தனை வருஷத்துல எங்க கம்போங்லேருந்து ஒரு பிள்ளை பேராவது போயிருக்கா? அக்கா பையன் மீன் பாசார்ல ஐஸ் உடைச்சிட்டிருக்கான். அவங்கப்பா இருந்தா படிச்சிருப்பான். அடுத்த வருஷச் சேர்க்கையை விட்டா வயசு போயிடும். லு எனக்குச் சொல்லிக் குடு. நான் பாட்டு மாதிரிப் பிடிச்சுக்குவேன்."

நானும் அதே இடத்துக்கு நிற்கிறேன் என்று அப்போது சொன்னேன். அவன் நின்றுவிட்டான். பிறகு சிரித்து, "நல்லது. யாருக்குக் கிடைச்சாலும் பையன் பேரைப் போடணும். பொலே, சரிதானே?" என்றான். சரி என்றேன். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திராது.

அவன் காது அபாரமானது. கல்யாண வீடுகளில் பந்துன் என்ற மலாய்ப் பாட்டுப் பாடுவான். மறுபக்கம் ஒரு வரி பாடினால் அதே மெட்டில் உடனே பதில் பாடுவான். அம்மன் கோயிலில் பாடும் தமிழ்ப் பாட்டையும் பொருள் தெரியாமலே முழுதாகப் பாடுவான். ஆகவே எழுத்து எதுவும் வேண்டாம் என்றான். நான் உரையை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொல்வான். சாயங்காலங்களில் கிளேபாங் போய்விடுவோம். கடலைப் பார்த்து நின்று உரக்கச் சொல்லிப் பழகுவான். வலை உலர்த்தும் மலாய்க்காரர்கள் இது என்ன மந்திரம் என்று கேட்பார்கள்.

முதல் தடவை எழுதியதில் நான் 'பாடசாலை' என்றுதான் போட்டிருந்தேன். அந்தக் காலத்து மேடைத் தமிழில் அதுதான் வழக்கம். அதை அவன் அழகாகச் சொன்னான். அதில் இருப்பது சாதாரண லகரம். மலாயில் இருக்கும் ஒரே லகரமும் அதுதான். ஆனால் கடைசியில் 'பள்ளி நாட்கள்' என்று ஓரிடத்தில் வந்தது. அவன் 'பல்லி நாட்கள்' என்றான். 'நாட்கள்' இறுதியிலும் அவனுக்கு லகரம்தான் வந்தது, ஆனால் அங்கே பொருள் மாறவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் சிரிக்கிறே?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லை. குரல் நல்லா வருது. மேலே சொல்லு" என்றேன்.

நாக்கை மடித்துச் சொல்லு என்று ஒரு வார்த்தை போதும். அவனுக்கு அது ஒரு நாளில் வந்திருக்கும். வரவில்லை என்றாலும் அந்த ஓர் இடத்தைப் பாடசாலை என்று மாற்றினால் தீர்ந்தது. நான் நேர்மாறாகச் செய்தேன். மறுநாள் பாடசாலை என்று இருந்த இடமெல்லாம் பள்ளி ஆயிற்று. மேடைக்குப் பள்ளிதான் கம்பீரம், பாடசாலை பழைய வார்த்தை என்று அவனிடம் சொன்னேன். நம்பினான். ஏன் நம்பமாட்டான்?

அதோடும் நிற்கவில்லை. சொல்லை மாற்றியபின் வாக்கியங்களையும் அதற்கேற்பச் செதுக்கினேன். 'எங்கள் பள்ளியே எங்கள் தாய்.' 'உலகின் எந்த மூலைக்குப் போனாலும் பள்ளியின் சுவர்களை மறவோம்.' பல்லி சத்தமிட்டால் அதற்குப் பலன் பார்ப்பவர்கள் நாங்கள். அதனால் இன்னொன்றும் சேர்த்தேன். 'பள்ளி சொன்னதைக் கேட்டு நடந்தோம், வாழ்வில் உயர்ந்தோம்.' அதை எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி இருந்தது. என் வாழ்நாளில் எழுத்து என்று நான் ஒழுங்காகச் செய்தது ஒருவேளை அந்த ஒரு பக்கம்தான். வேறொன்றுக்கும் நான் அவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை.

வாரம் வந்தது. அதன் மற்ற நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. கிரிக்கெட்டில் அவன் மூன்று பேரை அடுத்தடுத்து வீழ்த்தினான் என்பதும், கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழர்கள் சிலர் "இந்த ஆளையே இந்திய இடத்துல போடலாமே, துரைமார் இவர் பேச்சைக் கேப்பாங்க" என்று பேசிக்கொண்டதும் நினைவிருக்கின்றன. அதைக் கேட்டபோது, உரையைத் திருத்திவிடலாமா என்று எனக்குள் இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

கடைசி நாள் மண்டபத்தில் அவன் தன் பாட்டனார் காலத்து உடையில் வந்தான். பட்டுச் சாரோங், நீளச் சட்டை, தலையில் தலப்பா. தலைப்பாகையை அவர்கள் தலப்பா என்பார்கள். அவர்களிடம் தங்கிவிட்ட சில தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் அதைக் கட்டுவார்கள். முன்வரிசையில் பழைய தலைமையாசிரியர். தமிழர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. வணக்கம் சொன்னான், சபையோரே என்றான். அவன் குரலுக்கு மண்டபம் அடங்கியது. எனக்குப் பின்னாலிருந்த ஒருவர், "அட, பரவாயில்லையே" என்றார். அப்போது அவன், "எங்கள் பல்லியே எங்கள் தாய்" என்றான்.

யாரோ இருமினார்கள். தவறி வந்தது என்று நினைத்திருப்பார்கள். பல்லி இரண்டாம் தடவை வந்தது. மூன்றாம் தடவை வந்தபோது டிரெஸர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்ச், ட்ச், ட்ச்' என்று பல்லி போலச் சத்தமிட்டார். உடனே பக்கத்திலிருந்தவர் நாற்காலிக் கையில் விரலால் தட்டினார். பல்லி சத்தமிட்டால் தரையிலோ பலகையிலோ தட்டுவது நம் வழக்கம். அவரைப் பார்த்து இன்னொருவர் தட்டினார். பிறகு வரிசையே தட்டியது.

அவன் அதைக் கைத்தட்டல் என்று நினைத்தான். வெள்ளைக்காரர்கள் பேச்சு பிடித்திருந்தால் மேசையைத் தட்டுவதை அவன் பார்த்திருக்கிறான். நிறுத்தி, நெஞ்சில் கை வைத்து, எங்கள் பக்கம் குனிந்து நன்றி காட்டினான்.

அதற்குப் பிறகுதான் பெரிய சிரிப்பு எழுந்தது. பல்லி சொன்னதைக் கேட்டு நடந்தோம் என்றபோது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்பன் முகத்தில் புன்னகை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தட்டுகிறவர்களேதான் சிரிக்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டான். என்னைத் தேடினான். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிறுத்தவில்லை. ஒரு சொல் விடாமல் கடைசிவரை சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். பழைய தலைமையாசிரியர் மட்டும் எழுந்து அவன் கையைக் குலுக்கி, தமிழ் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை என்று ஆங்கிலத்தில் பாராட்டினார்.

வெளியே தேநீர் மேசை அருகே என்னைப் பிடித்தான்.

"ஏன் சிரிச்சாங்க? நான் தப்பாச் சொன்னேனா?"

"இல்லையே. பேச்சு சரியாத்தான் இருந்தது."

"பிறகு?"

"தலப்பாவைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க. கோமாளி வேஷம் மாதிரி இருந்தது போல" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் அங்கேயே தலப்பாவைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

பொதுக்கூட்டத்தில் இந்திய இடம் எனக்கு வந்தது. கம்போங்கைச் சேர்ந்த சிலரும் கிரிக்கெட் ரசிகர் இருவரும் தவிர அவனுக்குக் கை தூக்கியவர் இல்லை. "பல்லி விழுந்துடுச்சு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். "எங்க விழுந்துச்சு? தலையில விழுந்தா ஆகாதுப்பா" என்றார் இன்னொருவர். எனக்குக் கைகொடுத்து முதலில் வாழ்த்தியவன் என் நண்பன்.

சில நாள் கழித்து மதிப்பீட்டுக் கூட்டம். ஏற்பாட்டில் உழைத்தவர்கள் என்ற முறையில் அவனும் டிரெஸரும் வந்திருந்தார்கள். கிரிக்கெட்டின்போது குளிர்ந்த தண்ணீர் தீர்ந்துபோனது, கிளேபாங் போக அமர்த்திய பஸ் வழியில் நின்றது, பெண்களுக்கு நாற்காலி போதவில்லை என்றெல்லாம் பேசினோம். பிறகு தலைவர் கேட்டார்: "தமிழ் உரையின்போது நிறையச் சிரிப்புக் கேட்டது. நகைச்சுவையாகப் பேசினாரா?"

டிரெஸர் என்னைப் பார்த்தார். நண்பனும் என்னைப் பார்த்தான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் எழுந்து, வருங்காலத்தில் ஒவ்வொரு மொழியின் உரையையும் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரிடமே ஒப்படைப்பது நல்லது என்றேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தை அது. உரையின் கோளாறு அவனுடைய பிறப்பில் இருக்கிறது, சொல்லிக் கொடுத்தவனிடம் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா.

டிரெஸர் அதைப் பிடித்துக்கொண்டார். உரைக்கு மட்டும் ஏன், இந்தியர் என்ற பெயரில் இந்தச் சங்கம் யாரை முன்னிறுத்தினாலும், யாரைப் பரிந்துரைத்தாலும், அவர்களுக்கு இந்திய மொழி ஒன்று தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று விதி செய்யலாம் என்றார். ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். நண்பன் ஆங்கிலத்தில், "என் வீட்டில் பேசுவது எந்த நாட்டு மொழி என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதா?" என்று கேட்டான். தலைவர், இது யாரையும் குறித்ததல்ல என்றார். விதி நிறைவேறியது.

அதற்குப் பின்னும் அவன் என்னை வெறுக்கவில்லை. எனக்குக் கஷ்டமாயிருந்தது அதுதான். தெருவில் சில தமிழர்கள் அவனைப் பார்த்து 'ட்ச், ட்ச்' என்பார்கள். அவன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவான். சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான்.

"லு இடத்துல இருக்கே. அது போதும் எனக்கு. பையன் பேரைப் போட்டுடு" என்றான்.

போட்டேன். கமிட்டியில் என்னால் முடிந்தவரை பேசினேன், தகப்பனில்லாத பிள்ளை, கெட்டிக்காரன் என்று. தலைவர் விதியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார். பையனின் தாய்மொழி என்ன? எல்லோருக்கும் தெரிந்த பதில். மலாய் என்று என் வாயாலேயே சொன்னேன். அப்படியானால் மலாய்க்காரர் இடத்திலிருந்து பரிந்துரை வரட்டும் என்றார். மலாய் உறுப்பினர், பையன் இந்து ஆயிற்றே, மலாய்க்காரர் என்றால் முஸ்லிம்தானே, எப்படி முடியும் என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. பெயர் தள்ளப்பட்டது.

அதைச் சொல்லத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். போய் உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. அவன் அக்கா கதவோரம் உட்கார்ந்து வாசனைக்கான பாண்டான் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

நான் சொன்னது முதலில் அவனுக்குப் புரியவில்லை. "என்ன வார்த்தை?" என்றான்.

"பள்ளி. நீ பல்லின்னு சொன்னே."

"ஆமா, அதைத்தானே சொன்னேன்."

"இல்லை. பள்ளி. பல்லி. ரெண்டும் வேற."

"திரும்பச் சொல்லு."

சொன்னேன். மெதுவாக, நாக்கை மடித்து, மடிக்காமல். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "சாமா சாஜா" என்றான். இரண்டும் ஒன்றுதான். அக்காவைப் பார்த்தான். அவள் கத்தியை வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டாள். "எனக்கும் ஒண்ணாத்தான் கேக்குது. இவன் நம்மகிட்ட விளையாடுறானா?" என்றாள்.

செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவனிடம் அந்தக் குற்றம் கேட்கவேயில்லை என்று சொன்னால் என்ன செய்வது? வேறு வழியில்லாமல் பல்லிக்கு மலாயில் என்னவோ அதைச் சொன்னேன். "சிச்சாக். நீ சொன்னது சிச்சாக்."

அவன் அந்த உரையை ஒரு சொல் மறக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருள் நான்தான் முன்பு சொல்லியிருந்தேன். இப்போது பள்ளி வந்த இடத்தில் சிச்சாக் போட்டு மலாயில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். எங்கள் சிச்சாக் எங்கள் தாய். சிச்சாக்கின் சுவர்கள். அக்கா முதலில் சிரித்துவிட்டாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துப் புடவை மாதிரி மேலே போட்டிருந்த துணியால் வாயை மூடிக்கொண்டாள்.

"லு டெங்கார்?" என்று கேட்டான். "கிளேபாங்ல, ஒவ்வொரு நாளும், உனக்குக் கேட்டதா?"

"கேட்டது."

"அப்ப தலப்பா?"

"அதுல ஒண்ணுமில்லை. நான் பொய் சொன்னேன்."

அந்த ஆண்டு அம்மன் திருவிழாவில் இளைஞர்கள் தலப்பா கட்டலாமா என்று தன்னைக் கேட்டார்கள் என்றும், வேண்டாம், ஊர் சிரிக்கும் என்று தான் சொல்லிவிட்டதாகவும் அவன் சொன்னான். அதை என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவன் போலச் சொன்னான். பிறகு எழுந்து கதவுவரை வந்து, ஆங்கிலத்தில், "வந்ததற்கு நன்றி, மிஸ்டர்" என்றான். அவ்வளவு காலப் பழக்கத்தில் அவன் என்னை ஆங்கிலத்தில் அழைத்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் ஆங்கிலம்தான். லு என்று அவன் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். உரை எழுதியது நான், சொல்லை மாற்றியது நான், அந்த விதிக்கு வித்திட்ட வார்த்தையும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது, ஆகவே விதியை நீக்க வேண்டும் என்றேன். மலாய் உறுப்பினர் தலையை ஆட்டி வருத்தப்பட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் செய்தது இழிவான காரியம். அதை ஒப்புக்கொண்டது நல்ல காரியம். விதி இரண்டோடும் சம்பந்தப்பட்டதல்ல. எப்படி வந்திருந்தாலும் அது ஒழுங்கான விதி" என்றார். நீக்க வேண்டும் என்று என்னோடு சேர்ந்து யாரும் கை தூக்கவில்லை.

நான் அந்த இடத்தை விட்டு விலகி, நண்பனின் பெயரை முன்மொழிந்தேன். வழிமொழிய ஆள் இல்லை. அந்த விதிப்படி அவன் நிற்கவே முடியாது என்றும் சொன்னார்கள். கூட்டம் பார்க்க வந்திருந்த டிரெஸருக்கு இடம் போயிற்று. படியிறங்கும்போது அவர் என் தோளைத் தட்டினார்.

"எல்லாம் முடிஞ்சு போன விஷயம் தம்பி. சும்மா இருந்திருக்கலாம். இப்ப உனக்கும் இல்லாம, அவனுக்கும் இல்லாமப் போச்சே."

விலகியதை நண்பனிடம் சொல்லப் போனேன். அவன் ஆயர் குரோ பக்கம் காட்டை அளக்கப் போயிருந்தான். அக்காதான் வாசலில் நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. பையன் படிப்புக்கு நானே ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "வயசு போயிடுச்சு. ஐஸ் கடைக்காரர் நிரந்தரமா எடுத்துக்கிட்டார்" என்றாள். பிறகு, "தம்பி உங்களை இங்க வர வேணாம்னு சொல்லலை. ஆனா நீங்க வந்தா அவன் சாப்பிட மாட்டேங்கிறான்" என்றாள்.

நான் மறுபடி போகவில்லை.

அடுத்த ஆண்டும் பழைய மாணவர் வாரம் நடந்தது. நான் போகவில்லை. தமிழ் உரையை டிரெஸரே செய்தாராம், பிழையில்லாமல். குளிர்ந்த தண்ணீர் போதுமான அளவு இருந்தது, பஸ் நேரத்துக்கு வந்தது, பெண்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சங்கம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு ஒழுங்காக ஒரு வாரம் நடந்ததில்லை என்று மதிப்பீட்டுக் கூட்டத்தில் எழுதி வைத்ததாகச் சொன்னார்கள். கம்போங் செட்டியிலிருந்து ஒருவர்கூட அந்த வாரத்தில் எதற்கும் வரவில்லை. கிரிக்கெட்டுக்குக்கூட இல்லை. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை, கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சும் எழவில்லை.